எயினி கண்டதும் காணாததும் குறித்து நெடுமடைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. வெண்கோட்டு நாடாளும் அருமுடிவேள் மன்னரின் திருவாணைப்படி, அறங்கூறவையத் தலைவர் பெருஞ்சாத்தனார், கீழ்க்கரைக் கோட்டம் காக்கும் நெடுவேளாருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டத்து ஏரிகளும் ஊர்களும் தீங்கின்றி விளங்குக.

நெடுமடை ஊரில் சேந்தன் என்னும் உழவன் மடைவாயில் மண்வெட்டியால் வெட்டுண்டு மாண்டான். அவன் மனைவி எயினியின் சொல்லைக் கொண்டு, அவளுடன் பிறந்த தமையன் அழிசிக்கு ஊரவை கொலைத்தண்டம் விதித்தது. நீரும் அதை உறுதி செய்தீர். தான் அவ்விடத்தில் இருந்ததேயில்லை என்று அழிசி மன்னரிடம் முறையிட்டான். அம்முறையீட்டின் முடிவை இவ்வோலையால் அறிவிக்கிறோம்.

எயினி இரண்டு நாள் வழி நடந்து அவைக்கு வந்தாள். துணைக்கு ஒருவரும் வரவில்லை. தமையனைக் காட்டிக்கொடுத்தவள் என்று தாய்வீட்டாரும், கொலைகாரனின் தங்கை என்று கணவன் வீட்டாரும் அவளுக்குக் கதவடைத்திருந்தனர்.

கொலை நடந்தபின் இரு நாளும் அவள் வாய் திறவாதது ஏன் என்று அழிசிக்காகப் பேசியோர் வினவினர். போனவன் போய்விட்டான், இருப்பவனையாவது விட்டுவை என்று தாய் தன் காலைப் பிடித்து அழுததாகவும், மூன்றாம் நாள் பக்கத்து வயற்கூலியாள் பூதனைக் கொலைகாரன் என்று ஊரார் மரத்தில் கட்டி அடித்ததைக் கண்டபின் தன்னால் பொறுக்க இயலவில்லை என்றும் விடையிறுத்தாள். பூதனின் முதுகுத் தழும்புகளை யாமே கண்டோம்.

சேந்தன் உடலில் இரு வெட்டு என்று மருத்துவர் கூற, இவள் ஒன்றையே சொன்னது பொய்யன்றோ என்று மீண்டும் வினவினர். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: “கஞ்சிக் கலயத்தோட வரப்புல வந்தேன் ஐயா. அண்ணன் மம்பட்டிய ஓங்குனதையும் அவர் விழுந்ததையும் பார்த்தேன். அப்புறம் முகத்தைப் பொத்திக்கிட்டேன். ரெண்டாவது வெட்டு விழுந்துதான் இருக்கும். பார்க்காததை நான் எப்படிச் சொல்றது?”

அவையத்தார் இருவர் நெடுமடை சென்று, கொலை நடந்த அதே உச்சிவேளையில் அவ்வரப்பில் நின்றனர். மடைவாயில் நின்ற ஆளின் முகம் தெளிவாகத் தெரிந்தது. பொய் புனைபவள் மருத்துவர் சொல்லோடு தன் சொல்லை இசைத்திருப்பாள். தந்தை இறந்தபின் தன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவன்மேல் பழி போட அவளுக்குப் பகையுமில்லை, பயனுமில்லை. கண்டவள் ஒருத்தியே ஆயினும் அவள் கண்டது மெய் என்று அவை துணிந்தது.

ஆயினும் இது முன்னரே எண்ணிச் செய்த கொலையன்று. கதிர் கருகும் கோடையில் நீர்முறை பற்றி மூண்ட சண்டையில், மடை திறக்கக் கொண்டுவந்த கருவியே படையாயிற்று. இன்னும் சொல்வதுண்டோ என்று எயினியைக் கேட்டபோது, “கண்டதைச் சொன்னேன். அண்ணனைக் கொல்லுங்கன்னு நான் கேட்கலை ஐயா” என்றாள். ஆகவே கொலைத்தண்டம் நீக்கி, அழிசி தன் வாழ்நாளெல்லாம் எல்லைக் கோட்டையில் கல் சுமக்க என்று மன்னர் பணித்தார்.

காவலர் கொண்டுபோகையில், அதுவரை தங்கையின் முகம் பாராதிருந்தவன் முற்றத்தில் நின்றான். “வெயில்ல நிக்காத எயினி, நிழலுக்குப் போ” என்றான். தீர்ப்புக்குப் பின் வந்த சொல்லாதலின் அதை யாம் சான்றாகக் கொள்ளவில்லை. அவள் நிழலுக்குப் போகவுமில்லை; அவன் சென்ற வழியையே பார்த்து நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

ஆணை யாதெனில்: சேந்தனின் வயலும் நீர்முறையும் இனி எயினிக்கே உரியன, தடுப்போர் தண்டம் பெறுவர். அடித்தவர்கள் பூதன்முன் நின்று தம் பிழையை ஒப்புக. இவ்வோலையை ஊர் கூடிய அவையில் உரக்கப் படிப்பித்தல் உம் கடன்.

மேலும், தன் கணவன் வீழ்ந்ததை அவள் ஊரவையில் இருமுறையும் உம் முன்னிலையில் ஒருமுறையும் எம் முன்னிலையில் ஒருமுறையும் சொல்லிவிட்டாள். ஐந்தாம் முறை அவளை எவரும் கேட்கலாகாது. இச்சொல்லின்மேல் மன்னரின் இலச்சினை பதிந்தது.