கிளியனூரில் ஆடிய சிவப்புப் புள்ளி

சித்திரை, வியாழன்

கிளியனூரில் உச்சி வெயிலில், நாளை கான்கிரீட் போடவிருக்கும் அஸ்திவாரத்துக்கு லேசரால் மட்டம் பார்த்தேன். தரை அனலாய்க் கொதித்தது. தூரத்து நிழல் சுவரில் சிவப்புப் புள்ளி நிலையில்லாமல் ஆடியது.

"மெஷின் ரிப்பேரா, உனக்குக் கை நடுங்குதா?" என்றார் வீட்டுக்காரர்.

"சூட்டுக் காத்து வெளிச்சத்த வளைக்குதுங்க. வெயில் எறங்கட்டும்."

"காத்து வெளிச்சத்த வளைக்குமா? யார்கிட்ட கத வுட்டுக்கினு இருக்க? ஆம்பளையா ஒருத்தர வரச் சொல்லு."

எங்கள் முதலாளி, கூட வேலை பார்க்கும் முருகனை அனுப்பினார். அவன் வைத்தபோதும் புள்ளி அதே ஆட்டம்தான். ஆனாலும் குத்துமதிப்பாக ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனான். வீட்டுக்காரருக்கு ஏக திருப்தி!

எனக்கு மனம் கேட்கவில்லை. தரை ஆறியதும் மறுபடி போய் லேசரை வைத்தேன். புள்ளி அசையாமல் நின்றது. முருகன் கோடு அதற்கு அரை விரல் கீழே. அதை அழித்துப் புதுக்கோடு போட்டேன்.

வீட்டுக்காரர் ஆடாத புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவால்லியே, முருகன் வந்து தொட்டதும் மெஷின் சரியாயிடுச்சு!"