ருமோரோசா மலையேறப் போகிறவளுக்கு

இராசெமா,

புதுப் பேத்தியைப் பார்க்கப் பஸ்ஸில் போகாதே, நம் வண்டியிலேயே போ. நேற்று அந்த வெயிலில் கியர் எண்ணெய் கொதித்தது நீ ஓட்டியதால் அல்ல. எண்ணெயை ஆற்றும் கூலருக்கு முன்னால் என் பேஸ்பால் அணிப் பலகையை மாட்டிக் காற்றை அடைத்தவன் நான்தான். மெக்கானிக் லாவ்ரோ, "பழிய பொண்டாட்டி மேலயா போட்டே? போய் அவ கால்ல விழுய்யா!" என்றான். விழத்தான் வந்தேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். மன்னித்துவிடு.

பலகையைக் கழற்றி, புது எண்ணெய் ஊற்றிவிட்டேன். மலையில் ஏசியை அணைத்துவிட்டு இரண்டாம் கியரில் மெதுவாக ஏறு. சாவி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். வழியில் சாப்பிட பர்ரிட்டோ ரொட்டிச் சுருள்கள் அடுப்பின் மேல்; கருகியதை எனக்கு வை.

ஃபிதென்சியோ

பி.கு.: பேத்திக்கு என் மூக்கு வந்திருந்தால், அவளிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.