பூர்ணிமாவின் கேம் மெஷின்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். பூர்ணிமா பதினொன்றாம் வகுப்பு. பத்தாவதில் 450 தாண்டினால் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். 463 எடுத்துவிட்டாள். அவள் அப்பாவும் அப்போது "பாக்கலாம்" என்றார். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். பதினேழு வருடம் குடித்தனம் செய்தும் கோபிநாத்தின் "பாக்கலாம்" எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன மாதம் அவள் போனைச் சுத்தியலால் உடைத்தார். கேம் ஆடும்போது டீம் பையன்களோடு பேசிச் சிரித்தாளாம். நாலு அடி. மூன்றிலேயே தூளாகிவிட்டது. நாலாவதை என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

தோல் ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் ஃபிர்தௌஸிடம் கேட்டேன். அவள் தம்பி ஷோயப் ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

ஜூன் 6, வெள்ளி

ஷோயப் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். பாதி புரியவில்லை. "அக்கா, கிராபிக்ஸ் கார்டுதான் உயிரு. மத்த எதுல வேணா கம்மி பண்ணிக்கலாம், அதுல கை வெக்காதீங்க. டெஸ்க்டாப்பே எடுங்க. லேப்டாப்னா அதே காசுக்கு பாதி பவருதான் வரும்."

நல்ல ஹெட்செட் ஜாஸ்தி விலை, அவசியமில்லை என்றான். பூர்ணிமா விடவில்லை. "வெளிய சத்தம் உள்ள வரக்கூடாதுண்ணா. அதான் வேணும்."

கடைக்காரனுக்கு அது ஒரு கஸ்டமரின் பிடிவாதம். நான் கண்ணாடி அலமாரியில் இருந்த மவுஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 7, சனி

இடது தோள். அவர் வந்தபோது கதவு திறக்க நேரமாகிவிட்டதாம்.

ஜூன் 8, ஞாயிறு

ஷோயப் ஒரு மெஷின் காட்டினான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள். பூர்ணிமா அதில் சொக்கிப்போனாள். எனக்குத்தான் உறுத்தியது. தோலில் பெயின்ட் அதிகமாக ஏற்றியிருந்தால் அடியில் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். வாசலுக்குக் கொண்டுவா, வெளிச்சத்தில் பார்க்கணும் என்றேன். ஷோயப் சிரித்தான். "இன்னாக்கா, ஆட்டுத்தோலா இது?" ஆனாலும் தூக்கி வந்தான். கார்டு மட்டும் ஏற்கெனவே எங்கோ ஓடியது. விசிறி இடுக்கில் பழைய தூசி.

"செகண்ட் ஹேண்டுதான்" என்று ஒத்துக்கொண்டான். "உங்ககிட்ட ஒண்ணும் ஓட்ட முடியாது போலயே."

விளக்கில்லாத பெட்டி, புது கார்டு, ஐம்பத்தெட்டாயிரம் என்று முடிவானது. பஸ்ஸில் பூர்ணிமா என் தோளில் சாய்ந்தாள். இடது தோள். வலித்தது. சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

வேலை: வடக்கு ஜன்னல் மேஜை, தோல்களைத் தரம் பிரிப்பது. உண்ணிக்கடி, சிரங்கு, முள் கீறல், கத்தி வெட்டு. ஆடு உயிரோடு இருந்தபோது பட்டு ஆறிய காயமென்றால் கிரேடைக் குறைத்து வாங்கிக்கொள்வோம். ஆறாத காயம் ரிஜெக்ட்.

ஃபிர்தௌஸ் கேட்டாள், "ஏன் சௌம்யா, கையத் தூக்கவே மாட்டேங்குற?" தூங்கும்போது பிடித்துக்கொண்டது என்றேன். "எனக்கும் இப்டித்தான் ரெண்டு வருஷம் புடிச்சிக்கினு இருந்துச்சு" என்றாள், தோலைப் புரட்டியபடி. அவள் தலாக் வாங்கியவள்.

ரிஜெக்ட் எழுதினால் சப்ளையரோடு சண்டை வரும். அதனால் சந்தேகமானதையெல்லாம் நாலாம் கிரேடில் போடுவது என் பழக்கம். வேலையில் மட்டுமா?

ஜூன் 12, வியாழன்

சொசைட்டி லோன் பாரம் கொடுத்தேன். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் ஆர். கோபிநாத், டேனரி சூப்பர்வைசர் என்று எழுதியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை. பதினேழு வருடமாக எந்தப் பாரத்திலும் அந்தப் பெயரை எழுதி எழுதி, கை தானாகவே எழுதிவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவே இல்லையே. வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. நாளைக்கு முதல் வேலையாகத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

ஜூன் 14, சனி

எழுத வேண்டும்.

நேற்று நான் போவதற்குள் சொசைட்டி கிளார்க் கனகராஜ் அவருக்குப் போன் செய்துவிட்டார். சாயங்காலம் ஆறரைக்கு இவர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கதவைத் தாழ் போட்டார். "பொண்ணுக்குக் கம்ப்யூட்டராமே சார், எப்ப கையெழுத்து போட வர்றீங்கன்னு கேக்கறான். அவன் சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமாடி?"

குரலை உயர்த்தவே இல்லை. அப்புறம் முடியைப் பிடித்தான். சுவர். மறுபடி சுவர். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. விழுந்ததும் விலாவில் மிதித்தான், செருப்புக் காலோடு. எத்தனை தடவை? எண்ணவில்லை. மூச்சு வரல. கத்தவும் வரல.

அப்போது ஒரு சத்தம், பாத்திரம் விழுந்த மாதிரி.

பூர்ணிமா. கையில் குக்கர். பின்னாலிருந்து அவன் காதில் அடித்திருக்கிறாள். திரும்பினான், இன்னொன்று. முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். அப்போதும் அடித்தாள். கத்தவில்லை, அழவில்லை. அடுத்து எங்கே அடிக்கலாம் என்று பார்த்தாள் - அதை நான் பார்த்தேன். நடு மண்டையைப் பார்த்தாள். ஊர்ந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

"போதும்டி. செத்துடுவான்டி."

"சாகட்டும்." உப்பு வேணுமா என்று கேட்டால் போடு என்பாளே, அந்தக் குரல்.

அவன் காதில் கை வைத்துப் பார்த்தான். சட்டையெல்லாம் ரத்தம். சிரித்தான். "எம் பொண்ணுடி இவ. பாத்தியா? உன்னாட்டம் இல்ல."

பூர்ணிமா குக்கரைக் கீழே வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் முகம் - பெருமையா அது? கடவுளே, பெருமைதானா?

காதில் ஐந்து தையல். பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னானாம்.

இத்தனை வருடம் என்னைக் கொன்றுவிடுவானோ என்றுதான் பயந்தேன். அந்தப் பயத்தோடு சோறாக்க முடிந்தது, வேலைக்குப் போக முடிந்தது. இது அப்படியில்லை. இவள் ஒருநாள் அவனைக் கொல்வாள். கொல்லாவிட்டால், அவனாகவே ஆவாள்.

ஜூன் 16, திங்கள்

சொசைட்டியில் பாரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். புதுப் பாரத்தில் ஃபிர்தௌஸ் ஜாமீன் போட்டாள். எதற்கு என்று கேட்கவில்லை. பணம் வரும்வரை பொறுத்துக்கொள் என்று தம்பியிடமும் அவளே பேசினாள்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். மெஷினை முடித்து, மூடி மட்டும் போடாமல் வைத்திருந்தான்.

"இது வேணாம் ஷோயப். லேப்டாப் குடு."

"அக்கா, எத்தினி வாட்டி சொன்னேன்? ஸ்லோவா கீதுன்னு பாப்பா என்னத்தான் திட்டும். வீட்ல ஒரே எடத்துல வெச்சு ஆடறதுக்கு லேப்டாப் எதுக்கு?"

"மடிச்சு எடுத்துக்கற மாதிரி வேணும்."

அப்போதுதான் என் உதட்டைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். "முதுகுல மாட்டற பேக் தர்றேங்கா. ஸ்ட்ராங்கா இருக்கும். இதுக்குக் காசு வேணாம்."

ஜூன் 17, செவ்வாய்

காலை 9.20. அவன் டேனரிக்குப் போனபின். சர்டிபிகேட்டுகள், இரண்டு பை, பூர்ணிமா முதுகில் லேப்டாப். குக்கரை எடுக்க அவள் போனாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

குடியாத்தத்தில் இருக்கிறோம், மாடியில் ஒற்றை அறை. கீழே விசைத்தறி, பேசினால் கேட்காது. நான் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன்.

இன்று ஃபேக்டரி கேட்டுக்கு வந்துவிட்டான். ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரம். பேர் சொல்லிக் கத்தினான். ஃபேக்டரி பஸ் கண்ணாடியில் கல் எறிந்தான். கண்ணாடித் தூள் ஃபிர்தௌஸின் பர்தா முழுக்க. அவள் இறங்கிப் போய், "வாடா, என்னை அடி. இத்தினி பேர் முன்னாடி அடி பாக்கலாம்" என்றாள். செக்யூரிட்டி பிடித்துக்கொண்டான். மகளிர் காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். பாத்ரூமில் வழுக்கியதென்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தறி ஓடவில்லை. அறை அமைதியாக இருந்தது. பூர்ணிமா காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தாள். லேப்டாப் சூடேறி, படம் விக்கி விக்கி நின்று, தோற்றுவிட்டாள். "தூ, இதெல்லாம் ஒரு மெஷினா!" என்று மேஜையில் ஓங்கி அறைந்தாள்.

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். என்னையறியாமல் கை முகத்துக்குமேல் போய்விட்டது. தலை குனிந்து, கண்ணை மூடி.

திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைந்த கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடியிருந்தாள்.

அப்புறம் என்னென்னவோ தட்டி வேறொரு கேமைத் திறந்தாள். பெரிய புல்வெளி, தூரத்தில் ஒரு மலை.

"இங்க வாம்மா. ஒக்காரு. இந்த பட்டன அமுக்கினா நடப்ப."

"எனக்குச் சுடல்லாம் வராதுடி."

"இதுல சுட ஒண்ணும் இல்ல. சும்மா நடக்கறதுதான்."

அமுக்கினேன். திரையில் யாரோ ஒரு பெண் புல்லுக்குள் நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நிறுத்தினேன். பின்னால் திரும்பிப் பார்க்க எந்த பட்டன் என்று கேட்டேன்.

"யாரும் வர்ல," என்றாள் பூர்ணிமா. "போ."