எனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது

ஊரப்பாக்கம்
12.6.2008

பிரியமுள்ள சரிதாவுக்கு,

நீ டீச்சராகி ஒரு வருஷம் ஆகிறது. இனி என் முறை. பழங்குடியினருக்கென்று வெகுநாளாகக் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் இடங்களை நிரப்பப் போகிறார்கள். சாதிச் சான்றிதழ்தான் பாக்கி.

நேற்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கப் போனேன். அதிகாரி என் புடவையை மேலும் கீழும் பார்த்தார். "இருளர்னா நம்பற மாதிரி இல்லியேம்மா. ஒரு பாம்பு புடிச்சிக் காட்டு, கையெழுத்துப் போடறேன்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நீயும் நானும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி முடித்தது இதற்குத்தானா? மாதக் கடைசிக்குள் சான்றிதழ் தராவிட்டால் வேலை போய்விடும்.

உன் பச்சை

மாடம்பாக்கம்
16.6.2008

அன்புப் பச்சை,

எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் யோசித்துப் பார். அரசாங்கமே உங்களைத் தேடி வந்து வேலை கொடுக்கிறது. எங்களுக்கு யார் கொடுத்தார்கள்? உன் அண்ணன் எத்திராஜிடம் சொல்லி ஒரு தண்ணிப் பாம்பைப் பிடித்துக் காட்டிவிடேன். ஒரு நிமிஷ வேலை. வீம்பு வேண்டாம். என் பள்ளியிலேயே ஓர் இடம் காலியாக இருக்கிறது.

உன் சரிதா

ஊரப்பாக்கம்
29.6.2008

சரிதா,

பாம்பு காட்டவில்லை. எங்கள் தெருவே போய் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டது. "எம் பொண்ணு புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க வேலை கேக்குது. உனுக்கு வித்தை காட்ட வர்ல" என்று அம்மா போட்ட சத்தம் ஜி.எஸ்.டி. ரோடு வரை கேட்டிருக்கும். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். நீ எழுதியது வலித்தது. இருந்தாலும் உன் பள்ளியைத்தான் கேட்கப் போகிறேன்.

பச்சை

ஆசிரியர் அறை
5.11.2008

சரிதா டீச்சர் அவர்களுக்கு,

எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன்.

இன்று சத்துணவுக் கூடத்தில் பாம்பு புகுந்ததும் தலைமையாசிரியர் நேரே என் வகுப்புக்கு வந்தார். "என்னம்மா நிக்கிறே? நீங்கள்லாம் புடிக்கிறவங்கன்னு சரிதா மேடம் சொன்னாங்களே" என்றார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விடுதியில் பல்லியைக் கண்டாலே உங்கள் கட்டிலில் ஏறிக்கொண்டவள் நான். தெரிந்திருந்தும் சொல்லியிருக்கிறீர்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து நடத்தினேன்.

எங்கள் ஆட்கள் இன்னும் டீச்சர்களாக வருவார்கள். அவர்களிடமாவது எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். என்னிடம் நீங்கள் இனி எதுவும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
க. பச்சையம்மா
இடைநிலை ஆசிரியை