பதினேழாம் எண் டப்பா

மார்ச் 4
குடல் அழற்சி நோயாளிகள் நாற்பது பேரின் மல மாதிரிகள் ஆய்வகத்தில் தயார். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல குடல்காரர்கள் இருபது பேர் வேண்டும். கேட்டால் ஆளாளுக்கு ஓடுகிறார்கள். "ரத்தம் வேணா எடுத்துக்கோங்க, இது மட்டும் வேணாம்மா" என்றார் மாடி வீட்டு வாத்தியார்.

மார்ச் 5
வீட்டுக்காரரைப் பிடித்துவிட்டேன். டப்பாவை நீட்டியதும், "கல்யாணமாகி பதினோரு வருஷத்துல நீ ஆசையா கேட்ட மொதல் பொருள் இதுதான்" என்றார். படிவத்தை நானே நிரப்பினேன். வயிற்றுவலி - இல்லை. ரத்தப்போக்கு - இல்லை. எல்லாம் இல்லை, கடகடவென்று டிக். அவர் அப்போது கழிப்பறையில், வழக்கம்போல் அரைமணி நேரமாக, செய்தித்தாளோடு.

மார்ச் 6
கெஞ்சிக் கூத்தாடி இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். டப்பாக்களை நர்ஸிடம் கொடுத்தாயிற்று. இனி வெறும் எண்கள்தான். எது யாருடையது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

மார்ச் 18
பத்தொன்பது பேர் சமர்த்து. பதினேழாம் எண் மட்டும் என் மானத்தை வாங்குகிறது. குடலில் வீக்கம் இருந்தால் ஏறும் புரதம் தாறுமாறாக ஏறியிருக்கிறது. மறுபடி சோதித்தேன், அதேதான். நர்ஸிடம், "தூக்கிப் போட்டுடலாமா சிஸ்டர்?" என்றேன்.

"கணக்குலேருந்து தூக்குங்க. ஆளுக்கு நான் போன் பண்ணியாகணும்."

சாப்பிடும்போது வீட்டிலும் புலம்பித் தீர்த்தேன். எவனோ படிவத்தில் புளுகியிருக்கிறான், கையில் கிடைத்தால் இருக்கிறது அவனுக்கு! இவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மார்ச் 19
"சிஸ்டர் போன் பண்ணாங்க. அந்தப் பதினேழு நான்தான்."

நாலு மாதமாக ரத்தம் போகிறதாம். மூலம் என்று நினைத்தாராம். "நாள் பூரா இதையேதான பாக்குற, வீட்லயும் எதுக்குன்னு..." பாவி மனுஷா! புளுகின கை என்னோடதுதானே? ஊர்ல ஒருத்தர் வயிறு விடாம விசாரிக்கிறேன் - இவர ஒரு வார்த்தை கேட்டேனா? பேப்பர் படிக்கிறார்னு கிண்டல் வேற.

மார்ச் 26
குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் முழுக்க புண், நடுவே ஒரு கட்டி. அங்கேயே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும், "படம் நல்லா வந்துச்சா?" என்கிறார்.

மார்ச் 29
பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2
புற்று இல்லை! விட்டிருந்தால் சில வருடங்களில் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். வராந்தாவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழற்சிக்கு மாத்திரை தொடங்கியாயிற்று.

ஏப்ரல் 9
நல்ல குடல்காரர்களில் ஓர் இடம் காலி. என் டப்பாவையே வைக்கச் சொல்லிவிட்டார்கள். படிவத்தை அவர் பிடுங்கிக்கொண்டார். ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்தார்.

"ரத்தம் போகுதா?"

"இல்ல."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் டிக் போட்டார்.