ஷெட்டிலிருந்து கேட் வரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலையும் அப்பாவின் பிடிவாதத்தையும் தவிர மற்ற எல்லாம் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பதாக நீ சொல்வதை நானும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ நான்கு தடவை கூப்பிட்டும் நான் ஃபோனை எடுக்கவில்லை, புதன்கிழமை எடுத்தபோதும் பிடி கொடுத்துப் பேசவில்லை, என்னம்மா எங்கமேல கோவமா என்று கேட்டாய். கோபம் இல்லை கண்ணு. பொறாமை. இதை ஃபோனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன், அப்புறம் சொல்ல வந்தது அப்படியே அமுங்கிப்போகும். அதனால்தான் வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி, ரயிலில் தொங்கிக்கொண்டு படிக்காதே.

பொறாமை யார் மேல் என்றால் உன் அப்பா மேல்தான். கட்டின புருஷன் மேல் பொறாமைப்படுகிறவள் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி உட்கார்ந்தே இருந்த உடம்பு, சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒன்பது வருஷமும் நான் கரடியாகக் கத்தியிருக்கிறேன். கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், உன் மேல் சத்தியம்கூட வாங்கினேன். காலையில் சத்தியம் செய்கிற மனிதர் சாயங்காலம் டிவி முன்னால் காலை நீட்டிவிடுவார், கேட்டால் நாளையிலருந்து என்பார். அப்பேர்ப்பட்டவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நடக்க ஆரம்பித்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா, மருந்துக்கடைக்காரர். மாத்திரை வாங்கப் போனவளிடம், "உங்க வீட்டுக்காரர் தினம் நம்ம கடை வாசல் வரைக்கும் வந்து லைட் கம்பத்தத் தொட்டுட்டு அப்படியே திரும்பிடறாரும்மா, உள்ள வர்றதில்ல, எங்கமேல ஏதும் வருத்தமா" என்று கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலப் பேப்பர் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் செய்த வேலை இது.

வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்தேன். அவர் அசரவில்லை, செருப்பு அலமாரியின் கதவைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். நடந்த நாளுக்கு ஒன்றாகச் சாக்பீஸில் நாற்பத்தொரு கோடு. முதல் நாள் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது ஷூவை மாட்டுவது, நம் வீட்டுக்கு எதிரில் இருக்கிற முதல் கம்பத்தைத் தொடுவது, திரும்பி வருவது, அவ்வளவுதானாம். அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது அடி வைத்தால் வந்துவிடும், அதற்கு ஷூ வேறா. ஒரு வாரம் முழுக்க அந்த ஒரே கம்பம், அடுத்த வாரம் இரண்டு, இப்படி வாரத்துக்கு ஒன்று கூட்டி ஆறாவது கம்பமான மருந்துக்கடையில் வந்து நிற்கிறார். அதற்குக் கடைசி ஸ்டாப் என்று பெயர் வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் என்னிடம் கொடுத்த வாக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "உங்கிட்டக் கொடுத்தா நீ காவல் காப்ப, நான் உன்ன ஏமாத்த வழி பாப்பேன். எனக்கே கொடுத்துக்கிட்டா யாரப் போய் ஏமாத்தறது" என்றார். ஒன்பது வருஷம் நான் தலைகீழாக நின்றும் எனக்காகச் செய்யாததை அவருக்காக அவர் செய்துகொண்டார் கண்ணு. நல்லதுதானே, உடம்பு தேறினால் சரி என்று நினைக்க வேண்டியவள் நான். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார், என்னிடம் மட்டும் நீங்க கொஞ்சம் எடை போட்டுட்டீங்களேம்மா என்றார். பக்கத்து வீட்டு டீச்சர் தன் புருஷனுக்கு உன் அப்பாவை உதாரணம் காட்டுகிறாள். நீ மட்டும் என்ன. ஒரு நாள் அவர் நடந்துகொண்டிருக்கும்போது நீ அவருக்குக் கூப்பிட, இன்னும் நாலு கம்பம் இருக்கு அப்பறம் பேசறேன் என்று வைத்துவிட்டாராம். அதை எனக்குக் கூப்பிட்டுச் சொல்லி நீ பெருமைப்பட்டாய், அப்பா கிரேட்மா, முடிச்சிட்டே வரட்டும், நான் வெயிட் பண்றேன் என்றாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நான் அப்போது ஈரக்கையைத் துடைக்காமல் ஓடிவந்து ஃபோனை எடுத்திருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே நான் முடிவு செய்தேன், இவரை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று. என் விஷயம் உனக்குத் தெரியும், கார்தான். பழகுநர் லைசென்ஸ் எடுத்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை உன் பரீட்சை வந்தது, இரண்டாவது தடவை உன் பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இரண்டு தடவையும் தேதி தாண்டிப்போய்விட்டது. யாரும் என்னை விடச் சொல்லவில்லை, நானேதான் விட்டேன். உன் பெரியம்மா பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள், கண் ஆபரேஷன் செய்த பிறகு அவளால் தனியாக வர முடியவில்லை. நான் போக வேண்டும் என்றால் உன் அப்பாவிடம் கேட்க வேண்டும், அவர் நாளைக்குப் போலாம் என்பார், அந்த நாளை வருவதற்குப் பத்து நாள் ஆகும். கூடப்பிறந்தவளைப் பார்க்க எனக்கு யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு நாள் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. டிரைவிங் ஸ்கூலில் பத்து வகுப்பு முடிந்தாகிவிட்டது, கை பழக வேண்டியதுதான் பாக்கி. இந்த லைசென்ஸும் அடுத்த மாதம் இருபதாம் தேதியோடு முடிகிறது, பதினான்காம் தேதி டெஸ்ட்.

ஆனால் பொறாமையில் ஆரம்பித்த வேலை எப்படிப் போகும். அவர் ஒரு கம்பத்தில் ஆரம்பித்தார் என்றால் நான் தினம் ஒரு மணி நேரம், மார்க்கெட் ரோடு வரைக்கும், என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன். முழு லைசென்ஸ் இல்லாதவள் தனியாக ரோட்டில் ஓட்ட முடியாதே, அதனால் பக்கத்தில் அவர். அவர் கூட வந்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், நான் கியர் மாற்றும்போதெல்லாம் நாக்கால் ச்ச் என்பார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். நான்காம் நாள் கேட் தூணில் உரசி இடதுபக்கக் கண்ணாடி போயிற்று. பஸ்ஸா இருந்தா தூணே போயிருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார். ஐந்தாம் நாள் முழங்கால் வலி என்று படுத்துக்கொண்டேன், ஆறாம் நாளும் அதே. இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா, அலமாரிக் கதவில் அவர் கோட்டுக்குப் பக்கத்தில் நானும் கோடு போட ஆரம்பித்திருந்தேன், காரில் ஏறாத அந்த இரண்டு நாளுக்கும் கோடு போட்டுவைத்தேன். ஏமாற்றுவதற்கு அங்கே என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஒரு வாரம் அந்த அலமாரியைத் திறந்து செருப்பு எடுக்கவே கூச்சமாக இருந்தது, வீட்டுச் செருப்போடு கடைக்குப் போய்வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் துணியை நனைத்து என் கோடு எல்லாவற்றையும் அழித்தேன். அப்பாவைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். ஷெட்டிலிருந்து கேட் வரை ஒரு தடவை முன்னால், கேட்டிலிருந்து ஷெட் வரை ஒரு தடவை ரிவர்ஸ். முப்பது அடி. அதோடு சாவியை எடுத்துவிடலாம், ஆசை இருந்தால் இன்னொரு தடவை போகலாம், இல்லாவிட்டாலும் கோடு உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. நேரம் மட்டும் ஆறு மணி, அதை மாற்ற முடியாது, ஏனென்றால் அவர் நடக்கப் போயிருப்பார், ச்ச் சொல்ல ஆள் இருக்காது, ஆறரைக்கு மேல் வெளிச்சமும் இருக்காது. இப்படி இருபத்திரண்டு நாள் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், ஏழு நாள் கோடு இல்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டில் தண்ணீர்க்குழாய் உடைந்து என்னைக் கூப்பிட்டாள், ஒரு நாள் விருந்தாளி. மீதி ஐந்து நாளும் நீ. ஆறு மணிக்குத்தான் உனக்கு இடைவேளை, நீ கூப்பிடுவாய், நான் காரை அப்படியே நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவேன். உன் மேல் பழி போடவில்லை கண்ணு, நீ கூப்பிட்டாய், ஓடினவள் நான்.

செவ்வாய்க்கிழமை ஃபோனைக் காருக்குள் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டேன், உள்ளே ஓட வேண்டாமே என்றுதான். கேட் வரை போய் ரிவர்ஸ் போடும்போது அடித்தது, உன் முகம் திரையில் சிரிக்கிறது. கால் தானாக கிளட்சை விட்டது, வண்டி குலுங்கி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை அடித்தபோது ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் தடவை அடித்தபோது, பெற்ற பிள்ளை கூப்பிட்டு எடுக்காதவளும் ஒரு தாயா, அங்கே என்ன ஆபத்தோ என்று மனசு என்னைக் கிழித்தது. நான்காம் தடவை அடிக்கும்போது அழுதுகொண்டே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்து இறங்கிப் பார்த்தால் வண்டி ஷெட்டுக்குள் நேராக நிற்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. உன் அப்பா விட்டால்கூட அப்படி நிற்காது.

அதற்குள் அவர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். நீ அவருக்குக் கூப்பிட்டு அம்மா எடுக்கல, என்னாச்சு பாருங்க என்றாயாம், இப்போது வாரம் கூடிக்கூடிப் பதினோரு கம்பம் ஆகிவிட்டது, எட்டாவது கம்பத்திலிருந்து ஓட்டம். நான் குத்துக்கல்லாட்டம் காருக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "ஃபோன எடுத்தாத்தான் என்ன, உசுரே போயிடுச்சு எனக்கு" என்று கத்தினார். எனக்கும் உசுரு போய்த்தான் வந்திருக்கு என்றேன். கொஞ்ச நேரம் காரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். தண்ணீர் குடித்தார், அம்மா நல்லாத்தான் இருக்கா என்று உனக்கு மெசேஜ் போட்டார். அப்புறம் என்ன செய்தார் என்கிறாய், இன்னும் மூணு கம்பம் பாக்கி என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து நடக்கப் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதே. நடந்துவிட்டு வந்து அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் பாதியில ஓடி வந்துட்டேன், நீ அசையல, எனக்குக் கோடு போடலாமா கூடாதா என்று என்னைக் கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது, முதல் தடவையாக. போட்டுக்கங்க என்று பெரிய மனசு பண்ணினேன், உள்ளுக்குள் கூடாது என்றுதான் இருந்தது. இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் ஆறரை தாண்டிவிட்டது, உன் இடைவேளையும் போய்விட்டது. உன்னைப் பயமுறுத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள். எடுக்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நீயும் என் பிள்ளைதானே, எடுத்த எடுப்பிலேயே மலையைப் புரட்டப் பார்ப்பவள். பதவி உயர்வுப் பரீட்சைக்கு அந்தத் தடிப் புத்தகத்தை வாங்கி, தினம் இரண்டு மணி நேரம் படிப்பேன் என்று எல்லோரிடமும் சொன்னாய், மூன்றாம் வாரம் கேட்டபோது பேச்சை மாற்றினாய். இரண்டு மணி நேரத்தை விட்டுத்தள்ளு. ஒரு பக்கம் படி. வெளியே சொன்னால் வெட்கமாக இருக்கிற அளவுக்குச் சின்னதாக வைத்துக்கொள். என்னிடமும் சொல்லாதே, சொன்னால் நான் தினம் கேட்டு உயிரை வாங்குவேன். நானும் அப்பாவும் உனக்காகக் கேட்டுக்கொள்வதெல்லாம் நீ நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், நினைத்ததை முடிக்கிறவளாக இருக்க வேண்டும் என்பதுதான். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி.

கடைசியாக ஒன்று, அதற்காகத்தான் இத்தனை பக்கமும். அப்பா நடந்து முடிக்கும்வரை நீ சந்தோஷமாகக் காத்திருந்தாய். எனக்காக நீ ஒரு நாளும் காத்திருந்ததில்லை, உன்னைக் காத்திருக்க நான் விட்டதும் இல்லை. எனக்கு எரிந்தது அங்கேதான், அவர் நடக்கிறார் என்பதில் இல்லை. பதினான்காம் தேதி பாஸானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, மறுநாள் ஆறு மணிக்கு நான் காரில்தான் இருப்பேன். ஆறு மணிக்குக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். ஆறேகாலுக்கு நானே கூப்பிடுகிறேன், அதுவரை எனக்காகக் காத்திரு.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா