பக்கத்துத் தட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

என் ஆசை ஆரோக்கிய அண்ணி,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் தேக்காவில் இருந்த பழைய வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பதாவது மாடி. லிப்டில் ஏறும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறார். உங்கள் சேலைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த வருடமும் கன்னியர் மடத்தில் மூன்று நாள் வாய் பேசாமல் செபம் செய்யும் ஞான ஒடுக்கத்துக்குப் போனேன். நீங்கள் இல்லாமல் முதல் தடவை. பஸ்சில் லூர்து அக்கா, "சவரியம்மா மூணு நாளு வாயத் தொறக்கலன்னா சிங்கப்பூர்ல வெள்ளம் வரும்லா!" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். மடத்து வாசலைத் தாண்டியதும் அத்தனை வாயும் மூடிக்கொண்டது.

சாப்பாட்டு மேசையில் போன வருடத்து இடம்தான். என் இடது பக்கம் உங்களுக்கும் தட்டும் டம்ளரும் வைத்திருந்தார் சிஸ்டர். நீங்கள் இறந்தது அவருக்குத் தெரியாது. பேசக் கூடாத இடத்தில் யார் சொல்வது? வேளைக்கு வேளை அந்தக் காலித் தட்டு வந்தது, போனது.

மேசை விதி நினைவிருக்கிறதா, அண்ணி? எதையும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று நாமாகவே கவனித்து நகர்த்தி வைக்க வேண்டும். எனக்கு உப்பு தூக்கலாக வேண்டும் என்று நீங்கள்தான் கிண்ணத்தைத் தள்ளுவீர்கள். முதல் நாள் கஞ்சியில் உப்பே இல்லை. கிண்ணமோ உங்கள் தட்டுக்கு அந்தப் பக்கம். சரி, இதுவும் ஒரு ஒறுத்தல் என்று கண்ணை மூடிச் சிலுவை போட்டேன். கண்ணைத் திறந்தால் கிண்ணம் என் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயிலில் சுவாமியார் சொன்னார்: "வாய மூடினாப் போதாதும்மா. உள்ளுக்குள்ள பேசிக்கிட்டே இருக்கீங்களே, அதையும் நிறுத்துங்க. மூச்சு உள்ள போகையில 'சேசுவே', வெளிய வருகையில 'கிருபையாயிரும்'. அவ்வளவுதான்."

மூச்சைக் கவனித்தேன். என் மூச்சு அடங்க அடங்க, இடது பக்கத்தில் இன்னொரு மூச்சு கேட்டது. வறண்ட மூச்சு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாளில் கேட்டது. வயிற்றில் ஆபரேஷன், தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒரு வாய் தண்ணி குடு சவரி" என்றீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். அத்தோடு போய்விட்டீர்கள்.

"அண்ணி, நீங்களா?" என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் போய்விடுவீர்களோ? பேசாமல் இருந்தேன். நான்! செத்த பிறகு பாவக் கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கிற ஆன்மாக்கள் தங்களுக்கென்று எதையும் செய்துகொள்ள முடியாது, நாம்தான் அவர்களுக்காக வேண்ட வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. அங்கேயும் அந்த மேசை விதிதானோ?

மத்தியானம் உங்கள் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றித் தட்டோரம் நகர்த்தினேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். எழுந்திருக்க மணி அடித்ததும் பார்த்தேன். டம்ளர் கவிழ்ந்திருந்தது. குடித்து முடித்ததும் நீங்கள் கவிழ்த்து வைப்பீர்களே, அப்படி. மேசையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

திரும்பும் பஸ்சில்தான் லூர்து அக்காவிடம் வாய் திறந்தேன். "ஏங்க்கா, உப்புக் கிண்ணத்த நீங்கதானே தள்ளினீங்க?"

"எதிர்ல இருந்த எனக்குக் கை எட்டுமா? சரி, நீங்க தண்ணி ஊத்திக் குடுத்தீங்களே, அந்தம்மா யாரு?"

"எந்தம்மா?"

"மொகத்தப் பாக்கல. கண்ணத் தாழ்த்தித்தானே இருந்தோம். ஆனா மடக்கு மடக்குன்னு குடிச்ச சத்தம் இருக்கே... பாவம், என்ன தாகமோ!"

சிராங்கூன் ரோட்டில் இறங்கும்வரை நான் மறுபடி பேசவில்லை. லூர்து அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

தாகம் அடங்கியதா, அண்ணி? ஒரு டம்ளர் எந்த மூலைக்கு? நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்க முடியாது. அதனால் மாதாமாதம் உங்களுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். மடத்துச் சிஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை, அடுத்த வருடமும் உங்கள் தட்டு வரும். வீட்டிலும் தினம் ராத்திரி என் இடது பக்கம் ஒரு டம்ளர் நிறைத்து வைக்கிறேன். இன்று காலையிலும் கவிழ்ந்துதான் இருந்தது. அது தளும்பத் தளும்ப நேராக நிற்கிற காலை வரும்வரை வைப்பேன். இது சத்தியம்.

உங்கள் வலது பக்கத்து நாத்தனார்,
சவரியம்மா